துண்டுச் சீட்டும் சிம்பொனியும்

பேராக் மாநிலத்தில் ஓர் இசைக்குழு எல்லாருக்கும் சொந்தமாக வேண்டுமென்றால், இலவச டிக்கெட் போதுமா?

‘ஆர்க்கெஸ்ட்ரா’ என்று தைப்பிங்கில் வளர்ந்த ஒரு தமிழனிடம் சொல்லிப் பாருங்கள். கறுப்புக் கோட்டு போட்ட எண்பது பேரும் நடுவில் கோல் பிடித்து நிற்பவரும் அவன் கண்ணில் வரமாட்டார்கள். கோயில் திடலில் இரும்புக் குழாய் நட்டுக் கட்டிய மேடைதான் வரும். மேலே தார்ப்பாய், இரண்டு கீபோர்டு, ஒரு ரிதம் பேட், பளபளக்கும் சட்டையில் பாடகர், முன்னால் பாய் விரித்து உட்கார்ந்த பாட்டிமார், அவர்கள் மடியில் தூங்கிப்போன பேரப்பிள்ளைகள். ஏழு மணி என்று நோட்டீசில் போட்டிருக்கும். எட்டரைக்குத்தான் ‘மைக் டெஸ்டிங்’ கேட்கும். அதற்குள் மழை ஒரு தடவை வந்துவிட்டுப் போயிருக்கும். ஆண்டுக்குச் சுமார் 4,000 மில்லிமீட்டர் கொட்டுகிற ஊர். இன்று மழை எத்தனை மணிக்கு வரும் என்று பந்தயம் கட்டிய காலமும் இங்கே உண்டு என்பார்கள்.

அந்த ஆர்க்கெஸ்ட்ராவில் என்னைக் கவர்ந்தது பாட்டைவிடத் துண்டுச் சீட்டுதான். சிகரெட் அட்டையைக் கிழித்து, பாட்டையும் யாருக்காக என்பதையும் எழுதி, மேடையோரம் நிற்கும் அண்ணனிடம் நீட்டினால் வேலை முடிந்தது. பத்து வயதுப் பையன் நினைத்தால் நிகழ்ச்சி நிரலை மாற்றலாம். டிக்கெட் கிடையாது, உடுப்புக் கட்டுப்பாடு கிடையாது. நடுவில் எழுந்து போய்க் கச்சாங் பூத்தே வாங்கிக்கொண்டு வந்து உட்காரலாம். பிடிக்காத பாட்டுக்கு முதுகைக் காட்டிப் பேசிக்கொண்டிருக்கலாம். பாடுகிறவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பல ஆண்டுகள் கழித்து, வேறோர் ஊரில் ஒரு பெரிய அரங்கத்துக்கு அம்மாவை அழைத்துப் போனேன். அதிகாலைப் பெரட்டுக்குப் போய் முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர். ரேடியோவில் வயலின் கூட்டமாக எழும்புகிற இடம் வந்தால் கையில் இருக்கும் வேலையை நிறுத்துவார். அதற்காகவே அழைத்துப் போனேன். முதல் பகுதி முடிந்தது. அம்மா கைதட்டினார். அரங்கத்தில் தட்டியது அவர் ஒருவர்தான். நான்கு பகுதியும் முடிந்த பிறகே தட்ட வேண்டும் என்பது எழுதாத சட்டம். முன்வரிசையில் இரண்டு மூன்று தலைகள் திரும்பின. இடைவேளைக்குப் பிறகு அம்மா உள்ளே வரவில்லை; வெளியே சோபாவில் உட்கார்ந்துகொண்டார். ஊர் திரும்பும் பஸ்ஸில் தஞ்சோங் மாலிம் தாண்டியதும் கேட்டார்: “தட்டக் கூடாத எடத்துல தட்டிட்டேனாப்பா?”

அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. இன்று தெரியும். 1778ல் பாரிஸில் தன் சிம்பொனி அரங்கேறியதைப் பற்றி மொசார்ட் தன் அப்பாவுக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. முதல் பகுதியின் நடுவிலேயே சபை கைதட்டி ஆரவாரித்தது என்று பூரித்துப்போய் எழுதியிருக்கிறார். அந்த இடத்தில் தட்டுவார்கள் என்று கணக்குப் போட்டேதான் அதை அமைத்திருந்தார். கையைக் கட்டிக்கொண்டு உட்காரும் வழக்கம் அதற்கு நூறு ஆண்டு கழித்து மெல்ல வந்து, பிறகு இறுகியது. ஆக அம்மா மொசார்ட்டின் கட்சி. திரும்பிப் பார்த்தவர்கள்தான் புதிதாக வந்தவர்கள்.

ரயில் முதலில் வந்த ஊர்

தைப்பிங்காரர்களுக்கு ‘முதல்’ என்ற சொல்லில் ஒரு மோகம். மலாயாவின் முதல் ரயில் 1885 ஜூன் 1ஆம் தேதி இங்கிருந்து போர்ட் வெல்ட்டுக்கு, அதாவது இன்றைய கோலா செப்பாத்தாங்குக்கு, ஓடியது. அருங்காட்சியகம் 1883ல் வந்துவிட்டது. ஈயம் தோண்டிய பள்ளங்களில் நீர் நிரப்பி ஏரிப்பூங்கா எழுந்ததும் அதே காலம். 1937 வரை பேராக்கின் தலைநகரமும் இதுதான். பிறகுதான் அந்தப் பெருமை ஈப்போவுக்குப் போனது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாட்டில் எந்த இசைக்குழுவும் எழுந்து நின்று வாசிக்கிற ‘நெகாராகூ’வின் மெட்டு, பேராக் மாநிலப் பண்ணிலிருந்து போனது. நாட்டுக்கே மெட்டு கொடுத்த மாநிலத்தில், வடக்குப் பேராக்கின் பிள்ளைகள் ஒரு முழு சிம்பொனிக் குழுவை நேரில் பார்க்கப் பெரும்பாலும் கோலாலம்பூருக்குத்தான் போக வேண்டும்.

அங்கே இருப்பது மலேசிய பில்ஹார்மோனிக் இசைக்குழு. 1998 ஆகஸ்ட் 17ஆம் தேதி, பொருளாதார நெருக்கடி நாட்டை உலுக்கிக்கொண்டிருந்த நேரத்தில், இரட்டைக் கோபுரத்தின் அடியிலுள்ள பெட்ரோனாஸ் பில்ஹார்மோனிக் அரங்கில் அரங்கேறியது. முதல் இசை இயக்குநர் நெதர்லாந்தின் கீஸ் பாக்கல்ஸ். எண்ணெய் நிறுவனத்தின் பணம், உலகத் தரமான மண்டபம், ஏறக்குறைய முழுவதும் வெளிநாட்டுக் கலைஞர்கள். தொடக்க ஆண்டுகளில் மாலைக் கச்சேரிக்குப் போக வேண்டுமென்றால் கோட்டு சூட்டு அல்லது நீளக்கை பத்திக். ஜீன்ஸுக்கும் டி-சட்டைக்கும் வாசலோடு சரி. வாசிப்பில் யாரும் குறை சொல்ல முடியாது. ‘நம்முடையது’ என்று அதைச் சொல்லத்தான் நாக்கு கொஞ்சம் தயங்கும்.

அந்தக் குழுவும் இதை உணராமலில்லை. நாடு முழுக்கத் தேர்வு வைத்து உள்ளூர்ப் பிள்ளைகளைச் சேர்த்து ஓர் இளையோர் இசைக்குழுவை அமைத்தார்கள். 2007ல் அதன் முதல் கச்சேரி நடந்தது. நல்ல காரியம். ஆனால் தேர்வுக்குப் போய் நிற்கிற பிள்ளை யார் என்று பாருங்கள். ஆறேழு வயதில் வயலின் பிடித்து, வாரம் ஒரு முறை தனி ஆசிரியரிடம் போய், ஆண்டுதோறும் லண்டன் தேர்வு வாரியத்துக்குக் கட்டணம் கட்டி, ஏழாவது எட்டாவது கிரேடு வந்த பிள்ளை. கமுந்திங்கில் மலிவுவிலை அடுக்குமாடியில் இருக்கும் குடும்பத்துக்கு ஆரம்பநிலை வயலின் ஒன்று சில நூறு வெள்ளி. அதையாவது எப்படியோ புரட்டிவிடலாம். அதற்குப் பிறகு வருகிற பத்து வருடத்தை யார் புரட்டுவது? வாத்தியார் வீடு பட்டணத்தில். அப்பா மதிய ஷிப்ட். அம்மாவுக்கு மோட்டார் ஓட்டத் தெரியாது. வீட்டில் சாதகம் செய்தால் பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டுவார்.

டிக்கெட்டை இலவசமாக்குவது சுலபமான வேலை. நிதி கொடுப்பவருக்கும் படம் எடுக்க வசதி. மேடையில் ஒரு நாற்காலியைத் தருவதுதான் கஷ்டம், அதற்குப் பத்து வருடமும் ஒரு வேனும் வேண்டும். இசைக்குழு ஊருக்குச் சொந்தமா இல்லையா என்பதை நான் அந்த நாற்காலியை வைத்துத்தான் பார்க்கிறேன்.

திரைக்கு முன்னால் நடப்பது

அமெரிக்க இசைக்குழுக்கள் 1970களிலும் 80களிலும் ஒரு நல்ல ஏற்பாட்டுக்கு வந்தன. தேர்வுக்கு வருகிறவர் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து வாசிப்பார். ஆணா பெண்ணா, கறுப்பா வெள்ளையா என்று தேர்வாளருக்குத் தெரியாது. குதிகால் சத்தத்தை வைத்துப் பெண் என்று கண்டுபிடித்துவிடக் கூடாதென்று தரையில் கம்பளம் விரித்ததும் உண்டு. பெண்கள் எண்ணிக்கை உயர அந்தத் திரையும் ஒரு காரணம் என்று பொருளியலாளர்கள் எழுதியிருக்கிறார்கள். இந்தப் பக்கம் வியன்னா பில்ஹார்மோனிக்கைப் பாருங்கள்: 1997 வரை பெண்ணை உறுப்பினராகவே சேர்க்கவில்லை. ஆனால் திரை காப்பாற்றுவது திரைவரை வந்து சேர்ந்தவரை மட்டும். துரோங் போன்ற சின்ன ஊரிலிருந்து கிளம்பவே முடியாத பிள்ளைக்கு அந்தத் திரை எந்த வகையிலும் உதவாது.

கிளம்புவதற்கு வழி செய்த கதைகளில் உலகம் அதிகம் பேசுவது வெனிசுவேலாவை. 1975ல் ஹோசே அந்தோனியோ அப்ரேயு காரக்காஸில் ஒரு கார் கொட்டகையில் பதினொரு பேரை வைத்துத் தொடங்கிய பயிற்சி, பின்னால் ‘எல் சிஸ்தெமா’ என்ற பெயரில் நாடெங்கும் பரவியது. பிள்ளைக்கு முதல் நாளே வாத்தியம் கையில் கிடைக்கும். தனிப்பாடமாக இல்லாமல் கூட்டமாக உட்காரவைத்துக் கற்றுக்கொடுப்பார்கள். அந்த வரிசையிலிருந்து எழுந்தவர்தான் பின்னர் லாஸ் ஏஞ்சலீஸ் பில்ஹார்மோனிக்கை நடத்திய குஸ்தாவோ துதாமெல். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கும்பிட வேண்டிய கோயிலில்லை அது. அரசாங்கப் பணத்தில் நடப்பதால் அரசாங்கத்தின் கொடியையும் சுமக்க வேண்டியிருந்தது, உள்ளே கெடுபிடி அதிகம், மிக ஏழைகளை எட்டவில்லை என்றெல்லாம் கடுமையான விமர்சனங்கள் உண்டு. மாநில அரசின் கையை எதிர்பார்க்கும் நாமும் அதைக் கொஞ்சம் படித்து வைத்துக்கொள்வது நல்லது.

சென்னையில் 2008ல் ஏ.ஆர். ரஹ்மான் தன் கே.எம். இசைக் கல்லூரியைத் தொடங்கியபோது, அதனோடு சேர்த்து வறிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு வயலினும் வியோலாவும் செல்லோவும் இலவசமாகக் கற்பிக்க ‘சன்ஷைன் ஆர்க்கெஸ்ட்ரா’வை அமைத்தார். தமிழ் பேசும் பிள்ளைகள் மேலைநாட்டு இசைக்குறிப்பைப் பார்த்து வாசிக்கிறார்கள். நமக்கு மிக நெருக்கமான முன்மாதிரி இதுதான் என்று நினைக்கிறேன். காரணம் ரஹ்மானின் பெயரில்லை. அந்தப் பிள்ளையின் வீட்டில் பேசுகிற மொழியும் நம் பிள்ளையின் வீட்டில் பேசுகிற மொழியும் ஒன்று.

பராகுவேயின் கத்தேயுரா கதை இன்னும் வேடிக்கை. குப்பைமேட்டில் பொருள் பொறுக்கிப் பிழைக்கும் ஊர். ஃபாவியோ சாவெஸ் என்ற சுற்றுச்சூழல் பொறியாளர் பிள்ளைகளுக்கு இசை கற்பிக்கத் தொடங்கினார், வாத்தியம் போதவில்லை. குப்பை பொறுக்கும் தொழிலாளி ஒருவர் எண்ணெய் டின்னை வெட்டி வயலின் செய்தார். அந்தக் குழு உலகம் சுற்றி வந்துவிட்டது. ஈயத்துக்காக ஒருவரையொருவர் வெட்டிக்கொண்ட லாருட் மண்ணில், இந்தத் தைப்பிங்கில், உட்கார்ந்து தகர வயலினைப் பற்றிப் படிக்கும்போது எனக்குச் சிரிப்பும் வந்தது, கூச்சமும் வந்தது.

உருமிக்கு ஒரு நாற்காலி

இதுவரை சொன்னதெல்லாம் நம் பிள்ளையை அவர்கள் வாத்தியத்துக்கு அழைத்துப் போகிற கதை. நம் வாத்தியம் அவர்கள் வரிசையில் உட்காருமா என்பது அடுத்த கேள்வி. எனக்குச் சுவையான கேள்வி இதுதான்.

வயலின் நம்முடையதில்லை என்று யாராவது சொன்னால் சிரிப்பேன். முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் ஆங்கிலேயர் பேண்டில் கேட்டுக் கற்றுக்கொண்டு வந்தது. தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவும் அதைக் கையிலெடுத்தார். நாற்காலியில் உட்கார்ந்து தோளில் வைக்கும் வாத்தியத்தை நாம் தரையில் சம்மணமிட்டு, நெஞ்சுக்கும் காலுக்கும் நடுவே நிறுத்தி, கமகத்துக்கு விரல் வழுக்கிப்போக வசதியாக மாற்றிக்கொண்டோம். கிளாரினெட்டை ஏ.கே.சி. நடராஜன் எடுத்துக்கொண்டார். சாக்சபோனை கத்ரி கோபால்நாத். மாண்டலினை யு. ஸ்ரீநிவாஸ். அவர்கள் பொருளை நாம் உள்ளே விட்டிருக்கிறோம். இனி நாதஸ்வரம் அந்தப் பக்கம் போக வேண்டியதுதான்.

போனால் என்ன ஆகும்? முதல் தகராறு சுருதி. நாதஸ்வரம் பெரும்பாலும் இரண்டு, இரண்டரைக் கட்டையில் நிற்கும். அதாவது மேலைநாட்டார் கணக்கில் டி, டி ஷார்ப். மேலை இசைக்குழு ஏ என்ற சுரத்தை 440 அதிர்வுக்கு வைத்துச் சுருதி சேர்க்கும். ஒன்று நாதஸ்வரக்காரர் தோதான குழலும் சீவாளியும் பார்த்து எடுத்துவர வேண்டும். அல்லது இசையமைப்பவர் மற்ற எல்லாருக்கும் சுரத்தை இடம் மாற்றி எழுதித் தர வேண்டும். இரண்டும் முடிகிற காரியம். அடுத்த தகராறு சத்தம். தேர் வீதிக்குச் செய்த வாத்தியம் அது. ஒரு நாதஸ்வரமும் ஒரு தவிலும் சேர்ந்தால் இருபது வயலினை விழுங்கிவிடும். அதற்கும் வழி இருக்கிறது: பின்வரிசையில், பித்தளை ஊதுகுழல்களுக்குப் பக்கத்தில் உட்காரவைப்பது. மூன்றாவதுதான் மெய்யான கஷ்டம். கமகத்தை ஐந்து கோட்டில் எழுத முடியாது. எழுதினால் எழுதினவருக்கே பிறகு விளங்காது. அந்த இடத்தில் தாளில் ‘இங்கே பதினாறு ஆவர்த்தனம் தோடி’ என்று மட்டும் குறித்துவிட்டு நடத்துநர் கோலைக் கீழே இறக்கிக் காத்திருக்க வேண்டும். கோல் பிடித்தவர் காத்திருக்கப் பழகுவது ஒரு பெரிய மாற்றம், அதைச் சின்னதாக நினைக்க வேண்டாம்.

உருமி வேறு கதை. ஒரு முகத்தில் அடி, மறு முகத்தில் வளைந்த குச்சியால் தேய்ப்பு. அந்தத் தேய்ப்பில் வருகிற உறுமலுக்கு எந்த மேலைநாட்டு முழவிலும் ஈடு கிடையாது. தைப்பூசத்தில் அந்த உறுமல் கேட்டால் காவடி எடுப்பவர் கால் தானாக நகரும். நோட்டு வேண்டாம், வாத்தியாருக்குச் சம்பளம் வேண்டாம். தாமான் பையன்கள் ராத்திரி பந்துத் திடலில் தாங்களே ஒருவருக்கொருவர் கற்றுக்கொண்டு அடிக்கிறார்கள். இசைக்கு ஏங்கும் பிள்ளைகளைத் தேடி ஆய்வறிக்கை எழுத வேண்டாம், சத்தம் வரும் திசையில் நடந்தால் போதும்.

ஆனால் அந்தப் பையனை ரௌடி என்று பார்க்கிற கண் போலீசிடம் மட்டும் இல்லை, நம்மிடமும் இருக்கிறது. சாவுக்கு அடிக்கிற தப்பைக் கோயில் மேடையில் ஏற்ற மனம் வராத தோட்டங்கள் இருந்தன. யார் வீட்டு ஆட்கள் அதை அடித்தார்கள் என்பதில் காரணம் ஒளிந்திருந்தது. சீன அரங்கும் வெள்ளைக்கார அரங்கும் நம்மை உள்ளே விடவில்லை என்று பேசுவதற்கு முன் நம் திடலில் யார் ஓரத்தில் நின்றார்கள் என்பதையும் பேச வேண்டும். சென்னையில் கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணாவும் நித்யானந்த் ஜெயராமனும் நண்பர்களும் பெசன்ட் நகரை ஒட்டிய ஊரூர் ஆல்காட் குப்பத்தில் 2015ல் தொடங்கிய விழாவில் பறையாட்டமும் வில்லுப்பாட்டும் கர்நாடகக் கச்சேரியும் மீனவர் கடற்கரையில் ஒரே மேடைக்கு வந்தன. அடுத்த ஆண்டே கிருஷ்ணாவுக்கு மகசேசே விருது வந்தது; திட்டும் குறையாமல் வந்தது. சபாக்காரர்கள் சிலருக்கு அவர் போகிற போக்கு இன்றும் பிடிக்கவில்லை. பிடிக்காமல் போவது அவர் சரியான இடத்தைத் தொட்டுவிட்டார் என்பதற்கு அடையாளம் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

சீனச் சமூகம் இதே வேலையை நம் கண்ணெதிரில் சத்தமில்லாமல், இல்லை, பெரும் சத்தத்தோடு, செய்து முடித்திருக்கிறது. 1988ல் ஜோகூர் பாருவில் கவிஞர் தான் சாய் புவானும் இசைக்கலைஞர் தான் ஹூய் சோங்கும் இருபத்து நான்கு மேளம் என்ற ஒன்றை உருவாக்கினார்கள். சிங்க நடனத்தோடு தெருவில் அடித்துப்போகிற மேளம்தான். சீனப் பஞ்சாங்கத்தின் இருபத்து நான்கு பருவங்களின் பெயரை ஆளுக்கொன்றாக மேளத்தில் எழுதி, மேடைக்கு ஏற்றி, பள்ளிப் பாடவேளைக்கு வெளியே பயிற்சியாக்கினார்கள். இன்று நாட்டின் எத்தனையோ பள்ளிகளில் அது இருக்கிறது. அரசின் மரபுச் செல்வப் பட்டியலிலும் ஏறிவிட்டது. உருமிக்கு அப்படி ஒரு கவிஞர் இன்னும் கிடைக்கவில்லை.

விளக்கை அணைக்காத கச்சேரி

தென்மேற்கு இங்கிலாந்தில் ஊர் ஊராகப் போய் வாசிக்கும் போர்ன்மவுத் சிம்பொனி இசைக்குழுவின் வயது நூற்று முப்பதைத் தாண்டுகிறது. 2018ல் அது ‘ரிசவுண்ட்’ என்ற ஆறு பேர் குழுவை அமைத்தது. எல்லாரும் மாற்றுத்திறனாளிகள். நடத்துநர் ஜேம்ஸ் ரோஸுக்குப் பெருமூளை வாதம். கையால் கோல் பிடிக்க முடியாது. தலையில் பொருத்திய கோலால் நடத்துகிறார். தலை அசைவில் தாளம் வருகிறது, குழு பின்தொடர்கிறது. இவர்களை ஓரமாகத் தனி விழாவில் பாராட்டிப் பொன்னாடை போர்த்தி அனுப்பவில்லை. சம்பளத்தோடு குழுவுக்குள் வைத்துக்கொண்டார்கள். அதே ஆண்டு லண்டன் ப்ராம்ஸ் விழாவில் வாசிக்கவும் வைத்தார்கள்.

அந்த ப்ராம்ஸ் நிகழ்ச்சியின் வகைக்குப் பெயர் ‘ரிலாக்ஸ்ட்’ கச்சேரி. அரங்கில் விளக்கை முழுதாக அணைப்பதில்லை. ஆட்டிசம் உள்ள பிள்ளை சத்தம் போடலாம், எழுந்து நடக்கலாம், வெளியே போய்விட்டுத் திரும்பலாம். புதிதாகக் கண்டுபிடித்ததுபோல் உலகம் இதைக் கொண்டாடுகிறது. நம் ஊரில் இதற்குப் பெயர் கோயில் திருவிழா.

மக்கள் இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும் என்ற பாடம் அமெரிக்காவின் டெட்ராய்ட் சிம்பொனிக்குப் பட்ட பிறகுதான் வந்தது. 2010ல் தொடங்கிய வேலைநிறுத்தம் ஆறு மாதம் நீண்டு குழுவே கலையும் நிலை. மீண்டபோது அவர்கள் பெரிய மண்டபத்தை மட்டும் நம்பியிருக்கவில்லை. சுற்றுப்புறத் தேவாலயங்களுக்கும் பள்ளி அரங்குகளுக்கும் குறைந்த கட்டணத்தில் கச்சேரியைக் கொண்டுபோனார்கள், மண்டபக் கச்சேரியை இணையத்தில் இலவசமாக நேரலையாக்கினார்கள்.

பக்கத்திலேயே சிங்கப்பூர் இருக்கிறது. மக்கள் கழகத்தின் ஆதரவில் 1985ல் தொடங்கிய சிங்கப்பூர் இந்திய இசைக்குழுவை வயலின் கலைஞர் லலிதா வைத்தியநாதன் நடத்தி வளர்த்தார். பொழுதுபோக்குக்காக வாசிக்கும் உள்ளூர்வாசிகள்தான். வீணையும் புல்லாங்குழலும் மிருதங்கமும் வரிசையாக உட்கார்ந்து, எழுதிவைத்த இசையைக் கூட்டாக வாசிக்கிற ஒழுங்கு அங்கே ஒரு தலைமுறைக்கு மேலாக இருக்கிறது. நம் நாட்டில் சுவாமி சாந்தானந்த சரஸ்வதி 1981ல் கோலாலம்பூரில் தொடங்கிய டெம்பல் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ், மனமிருந்தால் கொடுங்கள் என்ற முறையில் பெரிய பெரிய மேடை நிகழ்ச்சிகளையே நடத்திக் காட்டியிருக்கிறது. அவர்களுடைய அன்னலட்சுமி சாப்பாட்டுக்கடையும் அப்படித்தான். அந்த முறை நடக்காது என்று இனி யாரும் நம்மிடம் சொல்ல முடியாது.

பத்து வெள்ளிக் கணக்கு

பணம் எங்கே என்று கேட்பீர்கள். எனக்கு சுங்கை சிப்புட் நினைவுக்கு வருகிறது. சுதந்திரத்துக்குப் பிறகு வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டு கிளம்பியபோது, தொழிலாளர்கள் லயத்தைவிட்டுத் தெருவுக்கு வந்தார்கள். லயம் கலைந்தபோது பஜனைக் குழுவும் கூத்துக் குழுவும் சேர்ந்தே கலைந்தன. ஆர்மோனியம் ஒரு வீட்டோடும் மிருதங்கம் இன்னொரு வீட்டோடும் போனது. சுங்கை சிப்புட்காரரான வீ.தி. சம்பந்தன் தொழிலாளர்களிடம் மாதம் பத்து பத்து வெள்ளியாகச் சேர்த்து 1960ல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அந்தப் பத்து வெள்ளியில் தோட்டத்தையே வாங்கினார்கள். தோட்டம் வாங்கிய சமூகத்துக்கு நாற்பது வயலின் ஒரு பெரிய கொள்முதலா?

என் கையில் இருந்தால் இப்படிச் செய்வேன். மண்டபம் கட்ட மாட்டேன். கட்டடம் திறக்கிற அன்றோடு நம் ஆர்வமும் தீர்ந்துவிடுவதைப் பலமுறை பார்த்தாயிற்று. பேராக்கில் நூற்று முப்பதுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள். சனிக்கிழமை வகுப்பறைகள் பூட்டிக் கிடக்கின்றன. தஞ்சோங் மாலிமில் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம் இசை ஆசிரியர்களை உருவாக்கிக்கொண்டிருக்கிறது. வாத்தியங்களை விற்காமல், நூலகப் புத்தகம்போல் கையெழுத்து வாங்கிக் கடன் கொடுப்பேன். செலவுக் கணக்கில் முதல் வரியாகப் பேருந்து வாடகையை எழுதுவேன். வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் ஒரு சிறப்புக் கலைஞரின் விமானக் கட்டணத்துக்கு எத்தனை சனிக்கிழமை வண்டி ஓடும் என்று யாராவது கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். குழு சேர்ந்தால் அது தமிழர் குழுவாக மட்டும் இருக்காது, இருக்கவும் கூடாது. கொம்பாங் அடிக்கிற மலாய்ப் பையனும் எர்ஹு வாசிக்கிற சீனப் பெண்ணும் உருமிக்காரனும் ஒரே திடலில் வளர்ந்தவர்கள். நிர்வாகக் குழுவில் தோட்டத்திலிருந்து வந்த ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும், தேநீர் பரிமாறுவதற்கு இல்லை, முடிவெடுப்பதற்கு.

முதல் கச்சேரியை ஏரிப்பூங்காவில், தண்ணீரைத் தொடக் குனிந்து நிற்கும் அந்தப் பழைய மழைமரங்களுக்கு அடியில் வைப்பேன். காலை ஒன்பது மணிக்கு. பிற்பகல் மழையோடு பந்தயம் கட்ட எனக்குத் துணிச்சல் இல்லை. சக்கர நாற்காலி வர வழியும் முன்வரிசையில் பாய் விரிக்க இடமும் இருக்கும். அறிவிப்பு மலாயில், தமிழில், சீனத்தில். மேடையோரத்தில் ஒருவர் துண்டுச் சீட்டு வாங்கிக்கொள்ள நிற்பார். சீட்டில் பீத்தோவன் வருமா இளையராஜா வருமா என்று நான் சொல்ல மாட்டேன். லயத்து ரேடியோவில், அன்றைய ரேடியோ 6ல், நம் அம்மாக்கள் கூட்டு வயலினைக் கேட்டது இளையராஜாவால்தான். பண்ணைப்புரத்திலிருந்து கிளம்பி மதராசில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேலை இசை கற்ற அந்த மனிதர், 2025 மார்ச் 8ஆம் தேதி லண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் குழுவைக் கொண்டு தன் சிம்பொனி ‘வேலியண்ட்’டை அரங்கேற்றினார். அப்போது அவருக்கு எண்பத்தொரு வயது.

இதற்கெல்லாம் நாளாகும். நாளாகாத வேலை ஒன்று இருக்கிறது. தைப்பிங்கிலும் ஈப்போவிலும் எத்தனையோ வீட்டு அலமாரிகளுக்கு மேலே ஒரு கறுப்புப் பெட்டி கிடக்கிறது. மகளோ மகனோ ஐந்தாம் கிரேடு வரை போய், எஸ்பிஎம் வந்ததும் நிறுத்தியது. பிள்ளை இப்போது சிங்கப்பூரில் வேலை பார்க்கும். வயலினின் பலகைகளை ஒட்டியிருப்பது விலங்குத் தோலில் காய்ச்சிய பசை; நம் ஊர் ஈரத்தில் அது மெல்ல விட்டுவிடும். பெட்டியை இறக்கித் திறந்து பாருங்கள். ஓரம் விலகியிருந்தால் ஒட்டக் கொடுங்கள். பிறகு பக்கத்துத் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியரைப் பார்த்து, இதை வாசிக்க ஆசைப்படுகிற பிள்ளை யாராவது இருக்கிறதா என்று கேளுங்கள். அந்தப் பிள்ளைக்கு வயலின் வகுப்புக்குப் போகச் சனிக்கிழமை வண்டி இருக்கிறதா என்பதையும் கேட்டுவிட்டு வாருங்கள்.